கூப்பிட்டுவிட்டு மடை மாற்றியவர்

ஸ்கேன் படத்தைப் பார்த்த வேகத்தில் நோயாளியின் முகத்தைப் பார்க்க மறந்துவிடுகிறவர்கள் நம் பிரிவில் நிறையப் பேர் உண்டு. புதிதாக வந்திருக்கும் நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு அறிவுரை சொல்வது டாக்டர்களுக்கு வருகிற ஒரு வியாதி. எனக்கு அது கொஞ்சம் முற்றிய நிலையில் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அல்சைமர் நோயைப் பற்றிப் பாடம் எடுக்கப் போவதில்லை. மூளையில் எந்தப் புரதம் எங்கே படிகிறது, எந்தப் பகுதி முதலில் சுருங்குகிறது என்பதையெல்லாம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். எந்தப் பரீட்சையிலும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. ஒருவருடைய நினைவு கரைந்துகொண்டிருக்கும்போது அவருடைய விஷயத்தில் முடிவெடுக்க வேண்டியது யார்? மகனா, டாக்டரா, ஊரா? பொள்ளாச்சிக்கு மேற்கே எல்லை தாண்டி இருக்கிற சித்தூரில் ஒரு சிறிய மருத்துவமனையில் நான் நினைவாற்றல் கிளினிக் நடத்திக்கொண்டிருந்தபோது, ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால், இந்தக் கேள்வி ஒரு வாய்க்கால் மடை வழியாக என் மேசைக்கு வந்தது.

ஆறுச்சாமி என்று அவரை வைத்துக்கொள்வோம். எல்லாப் பெயர்களையும் மாற்றித்தான் சொல்கிறேன். நல்லேப்பிள்ளிப் பக்கம் நெல் விவசாயி, எழுபதைத் தாண்டியவர். மகன் செந்திலும் மனைவி பாப்பாத்தியம்மாவும் அழைத்து வந்திருந்தார்கள். செந்தில் முதலமடையில் மாங்காய் மொத்த வியாபாரம் செய்கிறவர், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிற ஆள். உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

“டாக்டரம்மா, அப்பனுக்கு ஞாபகமெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. சின்ன வயசுக் கதைய ஒண்ணு உடாமச் சொல்லுவாருங்க. சுகர் எறங்கி, மயக்கத்துல பண்ணிப்போட்டாருன்னு ஒரு சீட்டு மட்டும் எழுதிக் குடுத்துருங்க. வேறொண்ணும் வேண்டாமுங்க.”

“என்ன பண்ணிப்போட்டார்?” என்று கேட்டேன்.

செந்தில் போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார்.

அதைப் புரிந்துகொள்ள உங்களுக்கு ஊர் வழக்கம் ஒன்று தெரிய வேண்டும். கால்வாயில் தண்ணீர் விடும் நாட்களில் ஒவ்வொரு வயலுக்கும் இன்ன நேரம் என்று முறை உண்டு. ஒரே வாய்க்காலில் பாய்கிற வயல்காரர்கள் சேர்ந்த பாடசேகர சமிதி அதை வகுத்துத் தரும். ஒருவர் முறை முடிந்ததும் அடுத்தவர் வருவார். முந்தையவரைச் சத்தமாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, அவர் மடையை மண் போட்டு அடைத்து, தன் மடையைத் திறந்துகொள்வார். மண்வெட்டிக்கு அரை நிமிட வேலை. ஆனால் அடுத்தவன் முறையில் கைவைத்தால் அது திருட்டு, அந்தப் பக்கத்தில் அதை யாரும் லேசில் மன்னிக்க மாட்டார்கள்.

வீடியோவில் பட்டப்பகலில் பக்கத்து வயல்காரர் வேலப்பனின் மடையை ஆறுச்சாமி அடைத்துக்கொண்டிருந்தார். அது வேலப்பனின் முறை நேரம். இப்படி நடப்பது முதல் தடவையும் இல்லை. வேலப்பன் வயலில் கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் தண்ணீர் இல்லாமல் போய் ஒரு பக்கம் காய்ந்துவிட்டது. அவர் ஒருநாள் தென்னைக்குப் பின்னால் நின்று படம் பிடித்து சமிதியின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை சமிதிக் கூட்டம். அதில் தீர்வு வராவிட்டால் போலீஸில் பராதி கொடுப்பேன் என்று சொல்லியிருந்தார். இதில் கொடுமை என்னவென்றால், அந்த வாய்க்காலில் தண்ணீர்ச் சண்டை வந்தால் ஊர் முன்பெல்லாம் நியாயம் கேட்கப் போனது ஆறுச்சாமியிடம்தான். இப்போது டீக்கடையில் அவர் வந்து உட்கார்ந்தால் பெஞ்சே காலியாகிறது.

அவரிடமே கேட்டேன். சற்றும் தயங்காமல் சொன்னார்: “நான் எம்மொறையிலதானுங்க பாச்சறேன். அந்த வேலப்பன் புளுகறானுங்க. ஏன் இப்படிப் புளுகறான்னுதான் எனக்குத் தெரியில.”

வீடியோவை இன்னொரு முறை போடச் சொன்னேன், இந்தத் தடவை சத்தத்தைக் கூட்டிவைத்து. ஊரே அதைப் பார்த்திருந்தது, ஆனால் எல்லாருடைய கண்ணும் அந்த மண்வெட்டி மேல்தான் இருந்திருக்கிறது. நான் கிழவரின் முகத்தைப் பார்த்தேன். மடையில் கை வைப்பதற்கு முன் அவர் நிமிர்ந்து நின்று, இரண்டு பக்கமும் திரும்பி, காற்றைத் தாண்டிக் கேட்கும்படி கூவுகிறார்: “வேலப்பா! ஏ வேலப்பா! மொறை மாத்தறேன்!” பதிலுக்காகக் கொஞ்சம் நிற்கவும் செய்கிறார். அப்புறம்தான் குனிகிறார். எந்தத் திருடன் ஐயா வீட்டுக்காரனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத் திருடுகிறான்?

“உங்க முறை எப்ப வரும், எனக்குச் சொல்லுங்க” என்றேன். பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பது போல வந்தது பதில்.

“மொதல்ல மேக்கால நஞ்சப்பன் வயலுங்க. அப்பொறம் வேலப்பன். அடுத்தது நானு. உச்சிப்பொழுதுக்கு எம்மடைக்கு வந்துருமுங்க.”

பாப்பாத்தியம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். “அது பழைய மொறைங்க டாக்டரம்மா. கெழக்கால புது மடை கட்டினப்பொறம் எல்லாத்தையும் மாத்திப்போட்டாங்க. எங்களுக்கு இப்பச் சாயங்காலந்தானுங்க. மாத்தி நாலஞ்சு வருசமாச்சு, இவருந்தான் ஒழுங்காப் பாச்சிக்கிட்டு இருந்தாரு. அந்த நஞ்சப்பன் செத்தே ரெண்டு வருசமாச்சுங்க.”

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆனாலும் வேலையை முறையாகச் செய்ய வேண்டும் அல்லவா? சர்க்கரை, தைராய்டு, வைட்டமின், அவர் விழுங்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்த்தோம். காதையும் பார்த்தோம். காதைப் பார்க்காமல் யாருக்கும் மறதி என்று சொல்லிவிடாதீர்கள், இதில் எனக்குக் கோபமே வரும். என் அப்பா சின்னக்கானலில் தேயிலைத் தொழிற்சாலையில் இலை உருட்டும் மெஷினுக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்தவர். அந்தச் சத்தத்தில் காது போய், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்ல ஆரம்பித்தார். “பெருசுக்குப் புத்தி மங்கிட்டுது, அவருகிட்ட என்னத்தப் பேசிக்கிட்டு” என்று தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். காதுக் கருவி வைத்த அன்று அவர் முதலில் செய்த காரியம், அப்படிச் சொன்னவர்களையெல்லாம் பெயர் சொல்லித் திட்டியதுதான். ஆறுச்சாமிக்கும் ஒரு காது பாதிதான் கேட்டது. அது நோயைக் கூட்டியிருக்கலாமே தவிர, நோய் அது மட்டுமில்லை. ஸ்கேனில் இரண்டு பக்கமும், புதிய நினைவைப் பதிக்கிற ஹிப்போகாம்பஸ் நன்றாகச் சுருங்கியிருந்தது.

முடிவுகள் கைக்கு வந்தபோது கூட்டத்துக்கு முந்தைய நாள் ஆகிவிட்டது. என் அறையில் ஒரு சிறிய மாநாடே நடந்தது. செந்திலுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவருடைய மகளுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் வரன் கூடிவந்த நேரம்.

“மூளை வியாதின்னு வெளிய தெரிஞ்சா அவ்வளவுதானுங்க. பரம்பரை நோவுன்னு சொல்லிப்போடுவாங்க. எம்பொண்ணு ஊட்டுலயே நின்னுபோகும். தண்ணி திருடுனான்னு சொன்னாக்கூட பரவால்லீங்க, தெண்டங் கட்டிட்டுப் போயிர்றோம். அப்பனுக்குந்தான் நாளைக்கு எல்லாம் மறந்துபோயிருமே, திருடன்னு சொன்னது மட்டும் ஞாபகத்துல இருக்கவா போகுது?”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. கல்நெஞ்சுக்காரர் இல்லை அவர். மகளுக்கும் அப்பனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர். எனக்கு உதவியாக இருந்த இளம் டாக்டர், உங்களைப் போலவே நல்ல பையன், என் காதருகில் வந்து, “மேடம், சமிதிக்கு ஒரு சர்டிபிகேட் எழுதிக் கொடுத்துடலாம். இல்லேன்னா இது ஊர்ச் சண்டை, நமக்கு எதுக்கு வம்பு?” என்றார். இப்படி ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருந்தபோது ஆறுச்சாமி மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மானத்தைப் பற்றித்தான் பேச்சு. அவரிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. மகனையும் இளம் டாக்டரையும் வெளியே போகச் சொன்னேன். பாப்பாத்தியம்மா இருக்கட்டும் என்றேன். நாற்காலியை அவருடைய நல்ல காது இருந்த பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“ஐயா, உங்க மூளைக்குள்ள புதுசு உள்ளே வர்றதுக்கு ஒரு மடை இருக்கு. அதுல வருசக்கணக்கா வண்டல் படிஞ்சு அடைச்சுக்கிட்டு வருது. பழைய தண்ணி வயல்ல நிக்குது, புதுத் தண்ணி ஏற மாட்டேங்குது. அதனாலதான் பழைய முறை நிக்குது, மாத்தின முறை நிக்கல. இதுக்கு அல்சைமர்னு பேரு. முழுசாத் தூர் வார இன்னைக்கு மருந்து கிடையாது, மெதுவாக்கப் பார்க்கலாம். நீங்க வேலப்பன் முறையில மடை மாத்தினது நிஜம். நீங்க திருடலைங்கிறதும் நிஜம்.”

அவர் நோயைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

“அப்ப வேலப்பன் சொன்னது பொய்யில்லீங்களா?”

“பொய்யில்லை.”

“அவன புளுகன்னு ஊரெல்லாஞ் சொல்லிப்போட்டனுங்களே.” கண் கலங்கிவிட்டது. “அவங்கிட்டப் போய்ச் சொல்லோணுமுங்க. இந்த மாதர எனக்கு நோவு, உன்னையப் புளுகன்னு சொன்னது தப்புன்னு சொல்லோணும்.”

“வெளியே தெரிஞ்சா பேத்தி கல்யாணத்துக்குத் தடங்கல் வரும்னு மகன் பயப்படறார்” என்று அதையும் சொன்னேன். சொல்லாமல் வாங்குகிற சம்மதம் சம்மதமாகாது.

“வரட்டுமுங்க. ஒருத்தன் மேல பொய்யப் போட்டுட்டு அந்தப் புள்ளைக்கு எப்படிங்க தாலி எடுத்துக் குடுக்கறது?”

இனி நான் சொல்வதைக் கவனியுங்கள். இதைக் கேட்டதும் மனசு நெகிழ்ந்து, நாளைக் காலை கூட்டத்தில் பேசட்டும் என்று அனுப்பிவைத்திருந்தால் நான் முட்டாள். நாளைக் காலையில் அவருக்கு இந்தப் பேச்சே இருக்காது. மறுபடி வேலப்பன் புளுகனாகிவிடுவார். வெளியே இருபது பேருக்கு மேல் காத்திருந்தார்கள். இளம் டாக்டரைக் கூப்பிட்டு, “பார்த்துக்கோ, வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு, செந்திலின் ஜீப்பில் நானே ஏறி உட்கார்ந்தேன். மகனுக்கு என் மேல் கொலைவெறி. ஆனால் அப்பாவும் அம்மாவும் ஏறிவிட்டார்கள், அவரால் வண்டியை எடுக்காமல் இருக்க முடியவில்லை.

நல்லேப்பிள்ளி போகும் வழியில் ஆறுச்சாமி வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். “ஏனுங்க அம்மா, எங்கீங்க போறோம்?”

முன் சீட்டில் செந்திலின் தோள் நிமிர்ந்தது. “பாத்தீங்களா டாக்டரம்மா? அதுக்குள்ள போச்சு. இவரு சொன்னாருன்னு சொல்லி எங்குடும்பத்தையே சந்திக்கு இழுக்கறீங்களே, இது நியாயமுங்களா?”

கேள்வி நியாயமானதுதான். நினைவில் நிற்காத முடிவை ஒரு முடிவு என்று சொல்லலாமா? அதற்கு எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான், மறுபடி கேட்பது. ஓடுகிற ஜீப்பில், முதலிலிருந்து, அதே வார்த்தைகளில் சொன்னேன். மடை, வண்டல், பழைய முறை, வேலப்பன், பேத்தியின் கல்யாணம், ஒன்றையும் விடவில்லை. எந்தப் பக்கமும் சாய்த்துச் சொல்லவுமில்லை. அவர் முதல் தடவை கேட்பது போலவே கேட்டார். முதல் தடவை போலவே முகம் சுருங்கியது.

“அப்ப அவன் சொன்னது பொய்யில்லீங்களா? அவங்கிட்டப் போய்ச் சொல்லோணுமுங்களே!”

செந்தில் வாய்க்கால் கரை வந்ததும் வண்டியை நிறுத்தினார், ஆனால் இறங்கவில்லை. தூரத்தில் வேலப்பன் மண்வெட்டியோடு நிற்பது தெரிந்தது. ஆறுச்சாமி சுற்றிலும் பார்த்துவிட்டு, “எதுக்குடா இங்க நிறுத்துன?” என்றார். நான் வாயைத் திறந்தேன். செந்தில் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, பின்னால் திரும்பி உட்கார்ந்தார்.

“அப்பா, உங்களுக்கு மூளையில ஒரு நோவு. பழசு நெனப்புல நிக்குது, புதுசு நிக்க மாட்டீங்குது. அதுல நீங்க வேலப்பண்ணன் மொறையில தண்ணிய மாத்திப்போட்டீங்க. அவரு சொன்னது நெசம்பா.” கொஞ்சம் நிறுத்தி, “வெளிய தெரிஞ்சா நம்ம பாப்பா கல்யாணம் நின்னாலும் நின்னுரும்” என்றார்.

கிழவர் மகனையே பார்த்தார். “அதுக்கு இங்கியே உக்காந்துட்டிருந்தா எப்படிடா? எறங்கு. அவங்கிட்டச் சொல்லோணுமல்லொ?”

செந்தில் இறங்கி, கதவைத் திறந்து, அப்பாவின் கையைப் பிடித்து வரப்பில் நடத்திக்கொண்டு போனார். நான் பின்னால் போனேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

வேலப்பன் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆறுச்சாமி அவர் முன்னால் போய் நின்று சொன்னார்: “வேலப்பா, எனக்கு மூளையில நோவாமா. நாந்தான் உம்மடைய மாத்தியிருக்கறேன். உன்னையப் புளுகன்னு சொன்னது தப்பு. இந்தப் போகம் முடியற மட்டும் என்ர சாயங்கால மொறையையும் நீயே பாச்சிக்க.”

உடனே கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுத ஆசைதான், அப்படி நடக்கவில்லை. காய்ந்துபோன கதிரை வேலப்பன் கையால் காட்டினார். “இதப் பாத்து எம்பட வயிறு எரிஞ்சுதுங்கண்ணா” என்றார். என்னிடம் திரும்பி நெசந்தானா என்று கேட்டார். ஆறுச்சாமி தலையசைத்த பிறகு நான் ஆமாம் என்றேன். வேலப்பன் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

“நீங்க கூப்புட்டது எனக்குக் கேட்டுச்சுங்கண்ணா. கூப்புட்டுக் கூப்புட்டுத் திருடறாரு, என்ன திமிரு பாருன்னு நெனச்சுப்போட்டனுங்க” என்றார். “உங்க மொறையெல்லாம் எனக்கு வேண்டாமுங்க. நானே வந்து உங்களைக் கூட்டியாறேன், ரெண்டு பேருஞ் சேந்தே மாத்திக்கலாம்.”

மறுநாள் கூட்டத்தில் ஆறுச்சாமி பேச வேண்டியிருக்கவில்லை. வேலப்பனே எழுந்து சொல்லி முடித்துவிட்டார். அதற்குப் பிறகு சாயங்கால முறைக்கு அவரே வீட்டுவாசலில் வந்து குரல் கொடுத்து அழைத்துப் போனார். டீக்கடைப் பெஞ்சும் நிறைந்தது. இதை நெகிழ்ச்சிக்காகச் சொல்லவில்லை, மருத்துவமாகத்தான் சொல்கிறேன். ஆள் பேச்சு இல்லாமல் தனியாக ஒடுங்கிக் கிடப்பது இந்த நோய்க்கு உரம் போடுகிற காரியம். நான் எழுதிக் கொடுத்த மாத்திரையைவிட அந்தப் பெஞ்சு அதிகம் வேலை செய்தது என்றால் அடிக்க வராதீர்கள்.

கல்யாண விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பொள்ளாச்சிக்காரர் ஒருநாள் நேராக என் கிளினிக்குக்கே வந்துவிட்டார். பையனின் அப்பா. நல்ல உடம்பு, சட்டைப்பையில் சிகரெட் பாக்கெட். “அந்தக் குடும்பத்துல ஏதோ மூளை வியாதியாமுங்களே?” என்று ஆரம்பித்தார்.

“எந்தக் குடும்பத்தைப் பத்தியும் நான் பேச மாட்டேன். நோயைப் பத்தி வேணும்னா பேசறேன்” என்றேன். “அப்பா அம்மாவுக்கு இருந்தா பிள்ளைக்கு வாய்ப்புக் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். வந்தே தீரும்னு இல்லை. சின்ன வயசிலேயே, தலைமுறை தலைமுறையா வர்ற வகை ரொம்ப அபூர்வம். அதைவிட நம்ம கையில இருக்கிறது நிறைய. உங்களுக்குச் சுகர் உண்டா?”

“உண்டுங்க, பத்து வருசமா.”

“பிரஷர்?”

“அதுவும் இருக்குதுங்க.”

“சிகரெட் பையில தெரியுது. நடக்கறீங்களா?”

“எங்கீங்க நடக்கறது, கார்லதான்.”

“அப்படின்னா மூளை வியாதிக்குப் பெண் வீட்டுக்காரங்கதான் உங்களைப் பார்த்துப் பயப்படணும்” என்றேன். மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். போகும்போது தன் சர்க்கரையைப் பரிசோதிக்க ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார். கல்யாணம் நடந்தது. ஆனால் அது நின்றுபோயிருந்தாலும் நான் அன்று ஜீப்பில் ஏறியது சரிதான் என்று இன்றும் சொல்வேன்.

உங்களுக்கு நான் விட்டுப்போக விரும்புவது இதுதான். ஞாபகம் வேறு, முடிவெடுக்கும் திராணி வேறு. நேற்றுச் சொன்னது நினைவிருக்கிறதா என்று கேட்டு ஒருவரைத் தள்ளிவிடாதீர்கள். நடந்ததை மறுபடி, மறைக்காமல், அவருக்குக் கேட்கிற காதில் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப ஒரே முடிவுக்கு வருகிறாரா என்று பாருங்கள். நோய் முற்றிய பிறகு அதுவும் போய்விடும், எனக்குத் தெரியும். ஆனால் போவதற்கு முன்பே நாமாகப் பிடுங்கிவிடக் கூடாது.

அந்தக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். ஆறுச்சாமி புது வேட்டியில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்து நாற்காலியில் வேலப்பன். என்னைப் பார்த்ததும் கும்பிட்டு, “அம்மா ஆருங்க?” என்று கேட்டார்.

“நான்தான் உங்க டாக்டர்.”

“எனக்கு என்னுங்க நோவு?”

அவர் கேட்டால் மறைப்பதில்லை என்பது எங்களுக்குள் ஒப்பந்தம், அதை அவர் மறந்தாலும் நான் மறக்கவில்லை. மேளச் சத்தத்துக்கு நடுவே குனிந்து சுருக்கமாகச் சொன்னேன். மடை, வண்டல், பழைய முறை, வேலப்பன். அவர் முகம் சுருங்கியது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

“அப்ப அந்த வேலப்பங்கிட்டப் போய்ச் சொல்லோணுமுங்களே!”

பக்கத்தில் இருந்தவர் அவர் முழங்காலில் கை வைத்து மெல்ல உட்கார வைத்தார்.

“சொல்லிப்போட்டீங்கண்ணா,” என்றார் வேலப்பன். “எனக்கு நல்லாக் கேட்டுச்சுங்க.”